இரண்டு சூடும் ஒரே பக்கம்

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் மலையாண்டி தன் அக்காவின் கதையை அடுத்தவனிடம் எழுதக் கொடுத்துவிட்டான் என்பதும், அந்தச் சேதி அக்காவின் காதுக்கு எட்டிவிட்டது என்பதும் போன வாரத்து விவகாரம். எட்ட வைத்தவள் அவன் மனைவி சொர்ணவல்லி. அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரே ஒரு தடவை ஒரு ரகசியத்தைப் பொழுது சாயும் வரைக்கும் அவள் காப்பாற்றினாள் என்று மச்சுவாடியில் இன்றைக்கும் சொல்வார்கள். அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அக்கா பிச்சையம்மாள் அழுவாள், ஏசுவாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்று வீடே காத்திருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஒங்க கூட்டத்துக்கு நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

மலையாண்டி பல் விளக்கிவிட்டு வருவதற்குள் பிச்சையம்மாள் குளித்து, தலை முடிந்து, பொங்கலுக்கு எடுத்த சுங்கடிச் சேலையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். கூட்டம் என்னவோ மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

"இப்பவே எங்கக்கா கெளம்பிட்டே?"

"கெளம்பித்தான் இருக்கேன். நீ எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்."

"அங்க ஆம்பளைகதான் இருப்பாக. ஒனக்கு ஒண்ணும் புரியாது."

"டீச்சரம்மா ஒருத்தி வாராளாமே?"

மலையாண்டி திரும்பிப் பார்த்தான். சொர்ணவல்லி அணைந்துபோன அடுப்பை மும்முரமாக ஊதிக்கொண்டிருந்தாள்.

அவன் அடுப்படிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினான். "நீ ஏண்டி சொன்னே?"

"மதினி கதையை மதினிகிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது? நீங்க மட்டும் ஊருக்கே சொல்லலாமாக்கும்."

"ஊருக்குச் சொல்லலே. ஒருத்தன்கிட்டச் சொன்னேன். பேரு சொல்லலே, ஊரு சொல்லலே."

"பேரும் ஊரும் போச்சுன்னா அதுல வேற என்ன இருக்கு? ஒரு புள்ளை தொலைஞ்சு போச்சு. அம்புட்டுத்தானே?"

அவ்வளவுதான். திருவரங்குளத்துத் தேரன்று, வடம் அசைந்து, கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் சாய்ந்தபோது பிச்சையம்மாளின் மூன்று வயது மகன் காணாமல் போனான். சமஸ்தானம் இருந்த காலம். சேவகர்கள் குளம் குட்டையெல்லாம் தேடிவிட்டு எல்லைக் கல் வரைக்கும் போனார்கள். அதற்கு அங்கிட்டு ராமநாதபுரம் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை; இவர்கள் அதிகாரம் செல்லாது. பிறகு வெள்ளைக்காரன் போனான், சமஸ்தானமும் போயிற்று. அந்த எல்லைக் கல்லில் இப்போது ஆடுகள் முதுகு தேய்த்துக்கொள்கின்றன. பிள்ளை மட்டும் வரவில்லை.

"கையை விட்டுட்டா" என்றார்கள் கணவன் வீட்டார். அந்த ஒரு சொல்லோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் கட்டி வைத்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் காலமாகி, தம்பி தலையெடுத்து, அவனுக்கு ஒரு சொர்ணவல்லி வந்த பிறகும் பிச்சையம்மாள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. வருஷா வருஷம் தேருக்குப் போவாள். எல்லோரும் தேரைப் பார்ப்பார்கள். அவள் தேருக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பார்ப்பாள்.

இதை எழுத மலையாண்டி எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறான். கை விட்டுப்போகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். சரி, வேறு எதையாவது எழுதலாம் என்றால் அதுவும் நகராது. மாட்டைப் பற்றி எழுதினால், அந்த மாடு இரண்டாம் பக்கத்திலேயே கன்றைத் தேட ஆரம்பித்துவிடும்.

இப்படித் திணறிக்கொண்டிருந்தவனைத்தான் ஞாயிறு வட்டம் சேர்த்துக்கொண்டது.

கீழ மூன்றாம் வீதியில் வெள்ளைச்சாமியின் அச்சகத்தில் அது கூடும். மற்ற நாட்களில் அங்கே கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிதி இயந்திரத்துக்கு ஓய்வு. கதை எழுதுகிற கிறுக்கு உள்ள நாலு பேர் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்துவிட்டால், மற்ற மூவரும் சேர்ந்து அந்த ஆளுக்குப் போண்டா வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டம். மலையாண்டி அந்த வகையில் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

இன்னொரு சட்டம், தன் வீட்டு விஷயத்தைத் தானே எழுதக் கூடாது என்பது. அது வந்த காரணம் இது. வெள்ளைச்சாமி ஒரு காலத்தில் தன் தாய்மாமனின் சாப்பாட்டு மகிமையைக் கதையாக எழுதி அச்சிலும் பார்த்துவிட்டார். மாமன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நேரே வெள்ளைச்சாமி வீட்டுக்கு வந்து, கதை பொய் என்று காட்டுவதற்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு பட்சம், பதினைந்து நாள், உட்கார்ந்தார். திரும்பிப் போனபோது அவருடைய சொந்த மாடுகளே ஆளை அடையாளம் தெரியாமல் வண்டியில் ஏற விடவில்லை. அதிலிருந்துதான் வட்டத்தில் ஒருவர் வீட்டு விதையை இன்னொருவர் விதைப்பது என்று ஆயிற்று. கொடுப்பவர் வாயால் சொல்லிவிட்டு மறந்துவிட வேண்டும். வாங்குபவர் அதோடு எதை வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எதை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

மலையாண்டி தன் விதையை சோலையப்பனிடம் கொடுத்தான். சோலையப்பன் மாட்டுச் சந்தையில் சுங்கச் சீட்டுக் கிழிப்பவன். நாளெல்லாம் ஆட்களையும் மாடுகளையும் பார்க்கிற உத்தியோகம். அவன் எழுதி முடித்துவிட்டான். இன்று வாசிப்பு.

வெயில் தாழ்வதற்குள்ளேயே அக்காவும் தம்பியும் நடந்தார்கள். பல்லவன் குளக்கரையில் மலையாண்டி ஆரம்பித்தான்.

"அக்கா, கதைங்கறது..."

"ம்."

"கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நெசம் மாதிரி இருக்கும், நெசம் இல்லே. மனசுல வாங்கிக்காதே."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்ததெல்லாம் காலையோடு தீர்ந்துவிட்டது. அழுகையை மலையாண்டி சமாளிப்பான். இப்போது அவன் பயம் வேறு. ஆறிக் கிடக்கிற மனசில் யாரோ எழுதின ஒரு வரி போய் ஆசையைக் கிளப்பிவிட்டால், அதைத் தணிக்க அவனிடம் மருந்து இல்லை.

அச்சகத்தில் வெள்ளைச்சாமி எழுந்து நின்று, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எங்க அக்கா. சும்மா கேக்கலாம்னு வந்திருக்கு" என்றான் மலையாண்டி.

"வாங்கம்மா, இங்கிட்டு உக்காருங்க. மை ஒட்டும், சேலையைப் பாத்துக்கங்க."

அமராவதி டீச்சர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். இன்னொருவர் வாசிப்பார். எழுதியவர் வாய் நிறைய வெற்றிலை போட்டு அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லி முடித்த பிறகுதான் துப்பலாம். நடுவில் துப்பினால் கதை தோற்றது. எழுத்தாளனைப் பேசாமல் இருக்க வைக்க இதைவிட நல்ல வழியை இந்த ஜில்லாவில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சோலையப்பன் தெற்றுப்பல் தெரிய மலையாண்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து மடித்து வாயில் திணித்துக்கொண்டு, மிதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வந்திருப்பவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

டீச்சர் வாசித்தாள். பள்ளிக்கூடத்துக் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கதையில் தேர் அசைந்தது. கூட்டம் சாய்ந்தது. ஒரு தாய் பிள்ளையின் கையை விட்டாள். மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனா நின்றுபோன அந்த இடத்தை சோலையப்பன் நாலே வரியில் தாண்டியிருந்தான். மலையாண்டிக்குப் பொறாமை வந்தது; அக்காவின் பக்கம் திரும்பியதும் அந்தப் பொறாமைக்காக வெட்கம் வந்தது. பிச்சையம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு கோயிலில் உட்காருவது போல் உட்கார்ந்திருந்தாள்.

கதை அதோடு நிற்கவில்லை. அழுதுகொண்டு நின்ற பிள்ளையை மாடு வாங்க வந்த ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போனான். பிள்ளை வளர்ந்தான். வளர்த்தவனும் செத்துப்போனான். பிள்ளை நாதியற்ற ஆளாகச் சந்தை சந்தையாகத் திரியும் மாட்டுத் தரகனானான். கடைசிப் பக்கத்துக்கு டீச்சர் வந்தாள்.

"யோசனையில் இருக்கும்போதெல்லாம் அவன் கை தானாக இடது காதுக்குப் பின்னால் போகும். அங்கே இரண்டு தழும்பு, ஒன்றுக்குக் கீழே ஒன்று. யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததைத் தடவிக்கொண்டு அவன் சந்தையில் நின்றான்."

டீச்சர் காகிதத்தை மடித்தாள்.



"தேர் அசையற எடத்துல நானே வடம் புடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று வெள்ளைச்சாமி ஆரம்பித்தார். "முடிவுதான் வெடுக்குனு இருக்கு. அச்செழுத்து பத்தாமப் போயிருமோன்னு பயந்து நிறுத்தின மாதிரி."

அடுத்தது மலையாண்டியின் முறை. "அந்தத் தாய் கையை விடற எடம்... என்னால ஏலாது. இவன் எழுதிட்டான்."

டீச்சர் பிச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்ங்க."

"நானா?"

"கேட்டவுக எல்லாரும் சொல்லணும். எங்க வழக்கம்."

"என்னையவா கேக்குறீங்க?"

"ஒங்களைத்தாங்க."

பிச்சையம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளிடம் யாராவது இப்படி முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டு மலையாண்டி பார்த்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

"கையை நான் விடலே" என்றாள்.

"கதையிலே அந்தம்மா..."

"கதையிலே விடுறா. நான் விடலே. அவன் கை வேர்த்திருந்துச்சு. வழுக்கிருச்சு."

வெள்ளைச்சாமி மெல்ல எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் மலையாண்டியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். சுவரைப் பார்த்திருந்த சோலையப்பனின் முதுகு அசையாமல் போயிற்று.

"அது போகட்டும். எனக்குத் தெரிய வேண்டியது வேற." பிச்சையம்மாள் அந்த முதுகைப் பார்த்துப் பேசினாள். "அந்தச் சூட்டை நீங்க எங்க பாத்தீங்க, தம்பி?"

"அக்கா, அது கதைக்காக வச்சதுக்கா" என்றான் மலையாண்டி அவசரமாக. "மஞ்சச் சூடு எந்தப் புள்ளைக்குத்தான் இல்லே? ஊருல பாதிப் பேரு காதுக்குப் பின்னால பாரு, இருக்கும்."

"இருக்கும். இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு இருக்கும்."

அவள் தன் இரண்டு காதுக்கும் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள்.

"அப்படித்தான் வைக்கணும்னு எனக்கும் சொன்னாக. புள்ளைக்கு இழுப்பு வந்துச்சு. மாமியாளுக்குச் சூடு போட்டாப் பிடிக்காது. அவ கொல்லைக்குப் போயிருந்த நேரம் பாத்து விரலி மஞ்சளைக் கொளுத்தி இந்த எடது பக்கம் வச்சேன். கத்துனான் பாருங்க... மறு பக்கத்தை என் மடியிலே புதைச்சுக்கிட்டான். தலையைத் திருப்ப எனக்கு மனசு வரலே. ரெண்டாவதையும் அங்கேயே, அதுக்குக் கீழேயே வச்சுட்டேன். முடி வளந்து மூடிருச்சு. அவுக வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. எங்க ஆத்தாவுக்குத் தெரியாது. இந்தா உக்காந்திருக்கானே, இவனுக்கும் தெரியாது."

"அப்பப் போலீஸ்ல அடையாளம் கேட்டிருப்பாங்களே" என்றார் வெள்ளைச்சாமி.

"கேட்டாக. ஆம்பளைக சொன்னாக. செவத்த புள்ளை, அரணாக்கயிறு, வெள்ளிக் காப்பு. என்னைய யாரும் கேக்கலே."

அவள் குரல் உயரவில்லை. உப்புப் போட்டாயிற்றா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

மலையாண்டி தான் கொடுத்த விதையை ஒரு தடவை மனசுக்குள் உதறிப் பார்த்தான். தேர் இருந்தது. கூட்டம் இருந்தது. கை இருந்தது. தழும்பு இல்லை. எப்படி இருக்கும்?

சோலையப்பன் மெதுவாகத் திரும்பினான். கன்னம் வெற்றிலையால் புடைத்திருந்தது. கண்ணில் சந்தைக்காரப் பார்வையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவன் பிச்சையம்மாளைப் பார்க்கவில்லை. மலையாண்டியைத்தான் பார்த்தான். விதை கொடுத்தவன் நீ, சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை.

டீச்சர் இன்னும் தன் வார்த்தையைச் சொல்லவில்லை. அதுவரை அவன் வாய் திறக்கக் கூடாது. சட்டத்தைச் சாக்கு வைத்து இன்றைக்கு இதை இத்தோடு நிறுத்தலாம். அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். "கதைதானே" என்று இன்னும் நாலு தரம் சொன்னால் அவள் நம்பினாலும் நம்புவாள். நம்பாவிட்டாலும் வழக்கம்போலப் பேசாமல் இருந்துவிடுவாள்.

பேசாமல் இருப்பதில் அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம்.

மலையாண்டி தலையை ஆட்டினான். "சொல்லு."

"நான் என் முறையை விட்டுட்டேன்" என்றாள் டீச்சர்.

சோலையப்பன் எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பினான். சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். திரும்பி வந்து நாற்காலிக்கு எதிரே தரையில் குந்தினான்.

"அது நான் கட்டினது இல்லீங்க. பாத்தது" என்றான். "நம்ம சந்தைக்கு வர்ற தரகர் ஒருத்தரு. ராமநாதபுரம் ஜில்லாப் பக்கம். முந்தாநாள் சந்தையிலயும் வந்திருந்தாரு. பங்குனியில மொட்டை போட்டுட்டு வந்தப்போ, சீட்டு வாங்கக் குனிஞ்சாரு. பாத்தேன். ஒரே பக்கமா ரெண்டா இருக்கேன்னு தோணுச்சு. என்னைக்காவது கதைக்கு ஆகும்னு மனசுல போட்டு வச்சேன். ஒங்க தம்பி சொன்னதுல அதைச் சேத்துட்டேன். அம்புட்டுதாங்க நான் செஞ்சது."

"பேரு?"

"பெரியகருப்பன்."

பிச்சையம்மாள் அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் வைத்த பேர் வேறு.

"வயசு?"

"என்னைவிடச் சின்ன ஆளு. இருபத்தஞ்சு இருக்கலாம்."

"காதைத் தடவுவானா? அதுவும் நெசமா?"

"வெலை படியாத நேரத்துல தடவுவாருங்க."

வெள்ளைச்சாமி யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த சந்தை அன்னிக்கு இங்க அச்சு ஓடாது. நானும் வாரேன்."

"நான் லீவு எழுதிக் குடுத்துர்றேன்" என்றாள் டீச்சர்.

சோலையப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ வாயில் இருப்பவன் போலக் குந்தியிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்ங்க. கதைக்காக அவரை நாதியத்தவரா எழுதிட்டேன். நெசத்துல அப்படி இல்லே. அவருக்கு ஆத்தா இருக்கு. கண்ணு தெரியாது. வண்டியில கூடவே கூட்டிட்டு வருவாரு. சந்தைக் கூட்டத்துல அது கையைப் புடிச்சா விடவே மாட்டாரு. மாடு பிச்சுக்கிட்டு ஓடினாக்கூட விட மாட்டாரு."



பிச்சையம்மாள் டீச்சர் பக்கம் திரும்பி, "அந்த எடத்தை மறுபடி வாசிங்க, டீச்சர்" என்றாள். "காதைத் தடவிக்கிட்டு நிக்கிறானே, அதை."

வட்டத்தில் ஒரு கதையை மறுபடி வாசிக்கும் வழக்கம் இல்லை. டீச்சர் காகிதத்தைப் பிரித்து வாசித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருவரும் மச்சுவாடி திரும்பினார்கள். சொர்ணவல்லி வாசலிலேயே நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மதினியின் பின்னாலேயே உள்ளே போனாள்.

"கதை எப்படி மதினி இருந்துச்சு? அழுதீங்களா?"

பிச்சையம்மாள் சுங்கடிச் சேலையை அவிழ்த்து மடிப்புக் குலையாமல் மடித்தாள். பெட்டிக்குள் வைக்கவில்லை. திரும்பவும் உடனே எடுக்க வேண்டியிருக்கும் என்பது போல் கொடியின் மேல் போட்டாள். பிறகு சொர்ணவல்லியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணு சொல்லு, சொர்ணம். ஒருத்தி என் புள்ளையை எடுத்து வளத்து ஆளாக்கியிருந்தா, அவளைப் பாக்கப் போகயில என்ன வாங்கிட்டுப் போகணும்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற சொர்ணவல்லிக்கு அன்று தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.